பெரிய கண் வெளிநாட்டில்

கண் மருத்துவமனையின் முதல் மாடியில், பார்வை அளக்கும் அறைக்கும் டாக்டர் அறைக்கும் நடுவில் ஒரு மேசை உண்டு. டாக்டரைப் பார்க்கப் போகிற எவரும் அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, வேறு என்ன வியாதி, என்னென்ன மாத்திரை என்று கேட்டு எழுதுவதும், அறுவை சிகிச்சை என்றால் அதை விளக்கிச் சொல்லிச் சம்மதக் கையெழுத்து வாங்குவதும் அங்கே நடக்கும் வேலை. அந்த மேசைக்காரியை எல்லாரும் விசாரணை அக்கா என்றே கூப்பிட்டார்கள். மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. படிக்க முடிந்தவர்கள் அங்கே ஏன் வரப்போகிறார்கள்?

அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. இந்த வேலைக்கு வருமுன் ஒன்பது வருடம் பெரிய பேருந்து நிலையத்தில், 'தொலைந்த பொருள்கள்' என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "கறுப்புக் குடை காணோம்" என்று யாராவது வந்து நின்றால் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள்.

"குடைன்னாலே கறுப்புதான். கைப்பிடி எப்படி இருக்கும்? எத்தனை கம்பி வளைஞ்சிருக்கு? கடைசியா எங்க வச்சுப் பார்த்தீங்க?"

குடைக்காரர் தன் பிறந்த ஊர் வரை சொன்ன பிறகுதான் குடை கைக்கு வரும். ஒன்பது வருடத்தில் அவள் ஆள் மாற்றிக் கொடுத்தது ஒரே ஒரு பல்செட்டுதான். அதையும் வாங்கிப் போனவர் மாட்டிப் பார்த்துவிட்டு, பழசைவிட இதுவே தேவலை என்று வைத்துக்கொண்டார்.

அந்தப் பழக்கம் கண் மருத்துவமனைக்கும் கூடவே வந்தது. "பார்வை மங்குதும்மா" என்று யாராவது சொன்னால், "கடைசியா எப்ப நல்லாப் பார்த்தீங்க? என்னத்தப் பார்த்தீங்க? அப்ப பக்கத்துல யார் இருந்தா?" என்று தொடங்குவாள். ஒருவரின் வரலாறு நான்கு பக்கம் போகும். அதில் இரண்டு பக்கம் நாத்தனாரின் குணாதிசயம் இருக்கும். ஆனால் மூன்றாம் பக்கத்து மூலையில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அவர் விழுங்கிவரும் சிறுநீர் மாத்திரை ஒன்றும் இருக்கும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அறுவையின்போது கண்மணி சொன்ன பேச்சு கேட்காது. முன்பே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார், தெரியாவிட்டால் திண்டாடுவார்.

சம்மதம் வாங்குவதிலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை அவள் கற்றது வீட்டில். கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். நாளெல்லாம் மாடிகளுக்கு நடுவில் தொங்கிவிட்டு வந்து, வீட்டில் 'சரி' என்ற ஒரே சொல்லை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர். 'சரி சரி' என்றால் போதும் நிறுத்து என்று அர்த்தம். 'சரி, பார்க்கலாம்' என்றால் நடக்காது. 'சரி விடு' என்றால் சண்டை நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. செய்தித்தாளை மடக்கிவைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லும் 'சரி' ஒன்றுதான் சம்மதம். அது வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். ஆகவே நோயாளி 'சரி' என்றதும் பேனாவை நீட்டுகிற ஆள் இல்லை அக்கா. "நான் சொன்னத எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்பாள். திருப்பிச் சொல்லத் தெரியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

இதெல்லாம் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. அவர் அக்காவைவிட எட்டு வயது இளையவர். சுறுசுறுப்பு. டீ ஆறுவதற்குள் ஒரு கண்ணை முடித்துவிட்டு வந்து அதே டீயைக் குடிப்பார் என்று பெயர். சாதாரண நாளில் அவளை 'அக்கா' என்பார். கோபம் வந்தால் 'மேடம்' ஆகிவிடும்.

"மேடம், நான் கண் டாக்டர். நாவல் படிக்கற ஆள் இல்ல," என்றார் ஒருநாள். "ஒரு நோயாளிக்கு அஞ்சு வரி. ஏழு நிமிஷம். ஒரு மாசம் பார்க்கறேன். முடியலைன்னா நீங்க மருந்து ஸ்டோருக்குப் போயிடுங்க. அங்க சொட்டு மருந்துப் பெட்டிக்கு லேபிள் ஒட்ட ஆள் வேணுமாம்."

ஸ்டோர் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. அதைக்கூட அக்கா தாங்கிக்கொள்வாள். சொட்டு மருந்துப் பெட்டியிடம் ஒரு கேள்வியும் கேட்க முடியாதே, அதைத்தான் தாங்க முடியாது. அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து வரி எழுதினாள். கேட்கத் துடிக்கும் கேள்விகளை விழுங்கி விழுங்கி, இரண்டு கிலோ எடை கூடிவிட்டது என்று நர்சிடம் சொன்னாள்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. இன்று தப்பித்தால் நாற்காலி நிலைக்கும். காலை பதினொரு மணிக்கு நடுவர் வந்து உட்கார்ந்தார்.

நடுவர் என்றால் கால்பந்து நடுவர். முப்பது வருடம் மைதானத்தில் ஊதல் ஊதி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. ஊதல் இன்னும் கழுத்தில் தொங்கியது. தப்பாட்டம் ஆடுகிறவர்களை எச்சரிக்கக் காட்டும் மஞ்சள் அட்டை ஒன்று சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்று பார்வை அளந்த சீட்டு சொன்னது. இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருந்ததால் அந்தக் கண் மற்றதைவிடச் சிறிதாகத் தெரிந்தது. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த இமைதான் காரணம்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கினாள். "என்ன தொந்தரவு, ஐயா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பெரிய கண்ணு அனுப்பி வச்சதால வந்தேன். தொந்தரவெல்லாம் சின்னக் கண்ணாலதான்."

அக்கா அந்த இமையைப் பார்த்தாள். பெரிய கண்ணில் ஏதோ உறுத்தி அவரை இங்கே அனுப்பியிருக்கிறது. தொந்தரவு இருப்பதோ சின்னதில். சரிதான்.

"பெரிய கண்ணுக்கு முன்ன ஏதாவது ஆச்சா?"

"ஆச்சே. ஆறு வருஷம் முன்ன. வெளிநாட்டுல. எங்களையெல்லாம் கேக்கவே இல்ல, அங்கயே முடிச்சுக்கிச்சு. ஆனா குறை சொல்லக் கூடாது, நல்லா இருக்கு."

"சின்னக் கண்ணு?"

"நாலு மாசமா முகம் குடுக்கல."

"வலிக்குதா?"

"வலிக்காம இருக்குமா?"

"தண்ணி வருதா?"

நடுவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தனியா இருக்கறப்ப வரும். வெளிய சொல்லாத."

"அடி கிடி பட்டிருக்கா?"

"சின்ன வயசுல ஒரே ஒரு தடவ. நான்தான் அடிச்சேன். இன்னைக்கும் மனசு ஆறல."

அக்காவின் பேனா நின்றது. தன் கண்ணைத் தானே அடித்துக்கொண்ட ஆளை அவள் பார்த்ததில்லை. ஏன், எதற்கு, எந்தக் கையால், அப்போது பக்கத்தில் யார் என்று பதினைந்து கேள்வி தொண்டைவரை வந்து முட்டி மோதியது. கடிகாரத்தில் நாலரை நிமிடம். எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி?"

"அப்படியே அம்மாவ உரிச்சு வச்சிருக்கு. அதே பிடிவாதம்."

"ஆபரேஷன் பண்ணா சரியாயிடும். சம்மதமா?"

"சின்னக் கண்ணு சரின்னா எனக்கும் சரி."

ஆறரை நிமிடம். அக்கா எழுதி முடித்துத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். சரியாக ஐந்து வரி.

பெரிய கண்: ஆறு ஆண்டுக்கு முன் வெளிநாட்டில் செய்துகொண்டது, நலம்.
சின்னக் கண்: நான்கு மாதமாகத் தொந்தரவு, வலி, தனிமையில் நீர் வடிதல்.
அடிபட்டது: சிறு வயதில், தன் கையால்.
பரம்பரை: தாய்வழி.
சம்மதம்: சின்னக் கண் சரியாக இருந்தால்.

நர்ஸ் அதை டாக்டரிடம் எடுத்துப் போனாள். கண்ணாடிக் கதவு வழியாக டாக்டர் வரிகளை எண்ணுவதும் கட்டை விரலை உயர்த்துவதும் தெரிந்தது. ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த பெருமூச்சு அக்காவுக்குத் திரும்பக் கிடைத்தது.

பத்து நிமிடம் கழித்து அதே கதவு திறந்தது.

"மேடம்," என்றார் டாக்டர். மேடம் என்றதும் நர்ஸ் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். "இவர் கண்ணுல இதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கல. ரெண்டுலயும் பிறந்தப்ப இருந்த லென்ஸ் அப்படியே இருக்கு, நல்லா முத்திப்போய். வெளிநாட்டுல செஞ்சது எங்க?"

"அவர் சொன்னதத்தான் எழுதினேன் டாக்டர். வேணும்னா இன்னொரு தடவ..."

"வேண்டாம். நீங்க கேட்டா சாயங்காலம் ஆயிடும். நானே கேக்கறேன், பாருங்க. மூணே கேள்வி." நடுவர் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, பெரிய கண்ணு எங்க?"

"வெளிநாட்டுல."

டாக்டர் அவருடைய இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. சின்னக் கண்ணு எங்க?"

"கடைத்தெருவுல."

"உங்க கண்ணா?"

"என் கண்ணேதான். வேற யார் கண்ண நான் சொல்லப்போறேன்?"

திரைக்குப் பின்னாலிருந்து நர்சின் இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறவர்களுக்கு மட்டும் வரும் இருமல். டாக்டருக்கு மூன்றாவது கேள்வி என்னவென்று மறந்துபோயிருந்தது. அவர் அக்காவைப் பார்த்தார்.

அக்காவுக்கு மின்னல் மாதிரி பட்டது. குடைக்குக் கைப்பிடி கேட்காமல் விட்டுவிட்டோமே.

"ஐயா, சின்னக் கண்ணுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

"உங்களுக்கு அறுபத்தாறு."

"ஆமா. ஏம்மா, மகளுக்கும் எனக்கும் ஒரே வயசா இருக்கும்?"

பெரிய கண்ணு மூத்த மகள், வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருப்பவள். போனில் முன்பதிவு செய்து அப்பாவை இங்கே அனுப்பியவளும் அவளே. சின்னக் கண்ணு இளையவள், இரண்டு தெரு தள்ளித் துணிக்கடை வைத்திருப்பவள். முகத்தில் இருக்கும் இரண்டு கண்ணைப் பற்றி நடுவர் அதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப உங்க சொந்தக் கண்ணு?" என்றார் டாக்டர்.

"அதுல ஒரு குறையும் இல்ல."

"ஐயா, ரெண்டுலயும் புரை. எதிர்ல இருக்கற ஆளே தெரியாது உங்களுக்கு."

நடுவர் சிரித்தார். "டாக்டர் தம்பி, 'யோவ், கண்ணு தெரியலையா'ன்னு முப்பது வருஷமா ஆயிரக்கணக்கான பேர் என்னப் பார்த்துக் கத்தியிருக்காங்க. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் கத்துவாங்க. அதையெல்லாம் நான் நம்பியிருந்தா ஒரு ஆட்டம் முடிஞ்சிருக்குமா? இப்ப நீங்க ஒருத்தர் சொல்லி நம்பணுமா?"

டாக்டர் எழுந்து அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். "அஞ்சு வரில அஞ்சும் தப்பு. அடுத்து எனக்கு ரெண்டு ஆபரேஷன் இருக்கு. முடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஒழுங்கான வரலாறும், ஒழுங்கான சம்மதமும் மேசைல இருக்கணும். இல்லைன்னா திங்கக்கிழமை லேபிள்." போகும்போது ஸ்டோர் சாவியை அவள் மேசைமேல், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா சாவியைப் பார்த்தாள். இனி ஐந்து வரியை வைத்து என்ன செய்வது? தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். புதுத்தாள் நான்கு எடுத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்க ஐயா. சின்னக் கண்ண எப்பத் தொலைச்சீங்க? கடைசியா எங்க வச்சுப் பார்த்தீங்க?"

இப்படி ஒருவரும் நடுவரைக் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடைத் திறப்பு அன்னைக்கு. கடை வேண்டாம், வேற வேலைக்குப் போன்னு நான் முன்ன சொன்னது உண்மைதான். ஆனா பெத்த மனசு கேக்குமா? போனேன். வாசல்லயே நின்னுச்சு. நீல கவுன். ஒரு கைய நீட்டிக்கிட்டு, வாங்கன்னு கூப்பிடற மாதிரி. நான் போய் அந்தக் கையப் புடிச்சுக்கிட்டேன். 'கண்ணு, அப்பா பேசினது தப்பு, மன்னிச்சுக்கோ'ன்னு சொன்னேன். முப்பது வருஷத்துல நான் குடுத்த ஒரு தீர்ப்பக்கூட மாத்தினதில்ல. அன்னைக்கு மாத்தினேன். பத்து நிமிஷம் பேசியிருப்பேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒரு வார்த்தை? ஊஹும். பொம்மை மாதிரி நின்னுச்சு."

அக்காவின் பேனா மறுபடி நின்றது. இந்தத் தடவை அவள் எதையும் விழுங்கவில்லை.

"கை எப்படி இருந்துச்சு?"

"சில்லுன்னு இருந்துச்சு. கோவத்துல ரத்தமே ஓடல போல."

"கண்ணு கொட்டுச்சா?"

"கொட்டல. அவ்வளவு அழுத்தம்."

"மணிக்கட்டுல ஏதாவது கட்டியிருந்துச்சா?"

"எப்படிம்மா தெரியும்? ஏதோ ஒரு அட்டை தொங்கிச்சு. இந்தக் காலத்து நாகரிகம்னு நெனச்சேன்."

"அதுல நம்பர் ஏதாவது?"

"இருந்துச்சு. என்னன்னு படிக்க வரல. எழுத்து ரொம்பப் பொடி." நடுவர் அக்காவின் முகம் இருந்த திசையை உற்றுப் பார்த்தார். "ஏம்மா இப்படிக் கேக்கற?"

"உங்க மகள்கிட்ட நான் பேசலாமா? நீங்க சம்மதிச்சா மட்டும்தான்."

"சரி."

"எந்தச் சரி?"

நடுவர் யோசித்தார். "நெஜமான சரி."

நடுவரின் போனிலிருந்தே அழைத்து, இருவருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். மறுமுனையில் எடுத்ததும், மருத்துவமனை என்று கேட்டதும், ஒரு குரல் பதறியது. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், ஒரே ஒரு கேள்வி, திறப்பு விழா அன்று என்ன நடந்தது என்றாள் அக்கா. பதற்றம் போய்க் கோபம் வந்தது.

"என்ன நடந்துச்சா? வாசல்ல துணி மாட்டி நிறுத்தியிருந்த பொம்மைகிட்ட போய்க் கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டாரு. பக்கத்துலயே நான் தட்டோட நிக்கறேன். என்னப் பார்த்து, 'கொஞ்சம் தள்ளும்மா, வழில நிக்காத'ன்னுட்டுப் போயிட்டாரு. வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. பொம்மைக்கு இருக்கற மரியாதைகூட எனக்கில்லன்னு குத்திக் காட்டத்தானே?"

நர்ஸ் திரையை விட்டு வெளியிலேயே வந்துவிட்டாள்.

"கண்ணு," என்றார் நடுவர் மெதுவாக, "அது பொம்மையா?"

மறுமுனையில் கோபம் இறங்கியது.

"அப்பா, நீங்க... தெரிஞ்சு செய்யலையா?"

"தெரிஞ்சிருந்தா பொம்மைகிட்ட பத்து நிமிஷம் மன்னிப்புக் கேப்பேனா? நல்ல நல்ல வார்த்தையெல்லாம் அதுகிட்டயே செலவாயிடுச்சே."

ஐந்து நிமிடத்தில் மகள் படியேறி வந்துவிட்டாள். அளவு நாடா கழுத்தில் தொங்க, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்த கோலம். அப்பா எழுந்து கையை நீட்டினார். அவள் கையைக் கொடுத்ததும் இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தார்.

"சூடா இருக்கு," என்றார் அக்காவிடம். "இது கண்ணுதான்."

அதன் பிறகு சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, தன் முகத்துக்கு நேராகத் தானே பிடித்துக்கொண்டார். 'கண்ணு தெரியலையா' என்று முப்பது வருடம் கத்திய கூட்டம் சொன்னது சரிதான் என்று அவர் ஒப்புக்கொண்ட விதம் அது. "சரி. எங்க கையெழுத்துப் போடணும்?"

மகள், "போட்டுடுங்கப்பா," என்றாள். வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே பேனாவை நீட்டியிருப்பார்கள். அக்கா பேனாவைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மகள் சரின்னாங்க, சந்தோஷம். ஆனா கண்ணு உங்களோடது. நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு, உங்க வாயால திருப்பிச் சொல்லுங்க." கண்ணுக்குள் இருக்கும் மங்கிய லென்சை எடுத்துவிட்டு வேறொன்று வைப்பது, முதலில் வலது கண் மட்டும், பார்வை நன்றாக வருகிறவர்களே அதிகம் என்றாலும் கிருமி, வீக்கம் என்று அபூர்வமாகச் சிக்கல் வரலாம், வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

நடுவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பழைய ஆட்டக்காரனுக்கு வயசாயிடுச்சு. அவன வெளிய கூப்பிட்டுட்டு மாற்று ஆள் இறக்கறீங்க. முதல் பாதில வலது பக்கம் மட்டும். அடுத்த பாதி அப்புறம். அடிபட வாய்ப்புக் கொஞ்சம் இருக்கு, அது இல்லாம ஆட்டமே கிடையாது. ஆட்டம் வேண்டாம்னா நான் ஊதி நிறுத்திடலாம்."

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

மகளை ஒரு பார்வை பார்த்தார். "ஒண்ணும் இல்ல."

"அப்பா," என்றாள் மகள், "அந்த நீலப் பெட்டி?"

"அது... இந்த ஒண்ணுக்கு... அத எதுக்கும்மா கண்ணாஸ்பத்திரில கேக்கறீங்க?"

அக்கா அதைச் சிவப்பு மையில் எழுதினாள்.

நடுவர் குனிந்து மிகுந்த கவனத்தோடு கையெழுத்துப் போட்டார். முழுக்கையெழுத்தும் தாளைத் தாண்டி மேசைக் கண்ணாடிமேல் விழுந்தது. "கோட்டுக்கு வெளிய போயிடுச்சுப்பா," என்று மகள் அவர் கையைப் பிடித்துத் தாளின்மேல் வைத்தாள். "பந்து வெளிய," என்று ஒப்புக்கொண்டு மறுபடி போட்டார்.

டாக்டர் வந்தபோது மேசைமேல் நான்கு பக்கம் இருந்தது. நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தில் முகம் கடுகடு என்றிருந்தது. இரண்டாம் பக்கத்தில், பொம்மை வந்த இடத்தில், உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மாத்திரை," என்றார்.

"ஆமா டாக்டர்."

"இது தெரியாம நான் உள்ள போயிருந்தா?"

டாக்டர் ஸ்டோர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எனக்கு அஞ்சு வரி இன்னும் வேணும் அக்கா," என்றார். "ஆனா மேல அஞ்சு வரி சுருக்கம். கீழ நீங்க எவ்வளவு வேணா எழுதிக்கோங்க. அப்புறம் படிவத்துல ஒரு வரி சேர்க்கணும்."

திங்கட்கிழமை புதுப் படிவம் வந்தது. எல்லாக் கேள்விக்கும் மேலே அச்சிட்டிருந்தது: 'நோயாளி கண் என்று சொன்னால், அதற்கு என்ன வயது என்று கேட்கவும்.'

அன்று முதலில் வந்த பெண்மணி உட்காரும்போதே பெருமூச்சு விட்டார். "என் கண்மணியப் பத்தித்தான் கவலையா இருக்கும்மா."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "கண்மணிக்கு என்ன வயசு?"

அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு என்ன வயசோ அதுதான். அம்பத்தெட்டு."

"அப்ப சரி," என்று அக்கா பேனாவை எடுத்துக்கொண்டாள். "சொல்லுங்க. கடைசியா எப்ப நல்லாப் பார்த்தீங்க?"